இரு மடங்கு பலமான அணி ஏன் தோற்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த வாரம் எங்கள் கால்பந்து அணிக்கு முக்கியமான ஆட்டம். எதிரே நிற்பது பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் அணி. இந்த சீசனில் அவர்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக 2 கோல் போடுகிறார்கள், நாங்கள் 1. போன மூன்று ஆட்டங்களிலும் தோற்றுவிட்டோம். நண்பர்கள் எல்லாரும் கதை முடிந்தது என்கிறார்கள். சொந்த மைதானத்தில் ஆடுகிறோம், வாய்ப்பு இருக்கிறது என்று நான் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கு யார் பக்கம்?"

கணக்கு நண்பர்கள் பக்கம் சாய்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கும் அளவுக்குச் சாயவில்லை. ஏன் என்று பார்க்க, மிக எளிமையான ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவோம். சராசரியாக ஒரு கோல் போடும் அணி, ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தில் கோலே போடாமல் போக எவ்வளவு வாய்ப்பு?

ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். முதலில் பத்துத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடம். சராசரி ஒரு கோல் என்பதால், ஒரு துண்டில் கோல் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்று, விழாமல் போகும் வாய்ப்பு 0.9. பத்துத் துண்டுகளிலும் விழாமல் போக, 0.9-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 34.9 சதவீதம். ஒன்பது நிமிடத்துக்குள் இரண்டு கோல் விழலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் இன்னும் பொடியாக வெட்டுவோம். நிமிடத்துக்கு ஒரு துண்டு என்றால் தொண்ணூறு துண்டுகள். இப்போது 89/90-ஐத் தொண்ணூறு முறை பெருக்கினால் 36.6 சதவீதம். நொடிக்கு ஒரு துண்டு, மொத்தம் 5400 துண்டுகள் என்று வெட்டினால் 36.8 சதவீதம்.

அதற்கு மேல் எவ்வளவு பொடியாக வெட்டினாலும் விடை நகர்வதில்லை, 36.8-லேயே நின்றுவிடுகிறது. முதன்முதலில் இதைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்த அன்று, நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். 1-ஐ 0.36788-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.718 வரும். ஜேக்கப் பெர்னூலி 1683-இல் கூட்டுவட்டியைப் பற்றி யோசித்தபோது எதிர்ப்பட்ட அதே எண், பள்ளியில் e என்று எழுதினோமே, அதுதான். கடனுக்கு வட்டி ஏறும் விதத்திலும், ஓர் அணி கோலின்றித் திரும்பும் வாய்ப்பிலும் ஒரே எண் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதே வழியில் ஒரு கோல், இரண்டு கோல், மூன்று கோல் போடும் வாய்ப்புகளையும் எழுதிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பில் பாய்சான் பரவல் என்று ஒரு சூத்திரம் வந்திருக்கும். பலர் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம். பிரான்சின் சிமியோன் தெனி பாய்சான் 1837-இல் நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவு பற்றி எழுதிய நூலில் அது வருகிறது. அதன்படி, சராசரி 1 கோல் என்றால் கோலில்லாமல் முடிய 37 சதவீதம், ஒரு கோலுக்கும் அதே 37, இரண்டுக்கு 18, மூன்றுக்கு 6.

இந்தச் சூத்திரத்தை உலகம் கவனித்தது குதிரைகளால். 1898-இல் லாடிஸ்லாஸ் போர்ட்கிவிச் என்ற புள்ளியியலாளர், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை எடுத்தார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். மொத்தச் சாவு 122, அதாவது ஒரு பிரிவுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.61. சாவே இல்லாத பதிவுகள் 109. சூத்திரம் சொன்னது 108.7. ஒரு சாவு 65, சூத்திரம் 66.3. இரண்டு சாவுகள் 22, சூத்திரம் 20.2. குதிரை எப்போது உதைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டு உதைகளைச் சேர்த்துப் பார்த்தால் வரிசை கட்டி நிற்கின்றன. அடிக்கடி நடக்காத, ஒன்றையொன்று பெரிதாகப் பாதிக்காத, எந்த நொடியிலும் நடக்கக்கூடிய எதற்கும் இது பொருந்தும். கோலும் அப்படிப்பட்டதுதான்.

சோதித்துப் பார்த்துவிடலாம். 2018 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 169 கோல்கள், 2022-இல் அதே 64 ஆட்டங்களில் 172. இந்தச் சராசரிகளைப் போட்டால், கோலே விழாத ஆட்டங்கள் 2018-இல் 4.6, 2022-இல் 4.4 இருக்க வேண்டும். நடந்தது என்ன? 2018-இல் டென்மார்க்கும் பிரான்சும் ஆடிய ஒரே ஓர் ஆட்டம் 0-0. அந்தக் கோப்பையைத் தாக்குதல் ஆட்டத்தின் பொற்காலம் என்று கொண்டாடியிருக்கலாம். 2022-இல் ஏழு ஆட்டங்கள் 0-0. அதை வைத்துத் தற்காப்பு ஆட்டம் பெருகிவிட்டது என்று புலம்பியிருக்கலாம். இரண்டையும் கூட்டினால் 8. சூத்திரம் சொன்னது 9. ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் இடையே நாம் கதை கட்டும் வித்தியாசங்களில் எவ்வளவு வெறும் ஏற்ற இறக்கம் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன.

சரி, வாசகரின் ஆட்டத்துக்கு வருவோம். நமக்குச் சராசரி 1, அவர்களுக்கு 2. நமக்கு இத்தனை கோல், அவர்களுக்கு இத்தனை கோல் என்ற இரு வாய்ப்புகளையும் பெருக்கி, ஒவ்வொரு ஸ்கோரையும் ஒரு கட்டத்தில் எழுதிக் கூட்டினால், நம் வெற்றி 18 சதவீதம், டிரா 21, தோல்வி 61. இரு மடங்கு கோல் போடும் அணிகூட நூறு ஆட்டத்தில் 61-இல்தான் ஜெயிக்கிறது. மீதி 39-இல் நாம் தோற்காமல் வெளியே வருகிறோம்.

இதே இரு மடங்கு பலத்தை வைத்துக்கொண்டு, கோல்களை மட்டும் பத்து மடங்கு ஆக்கிப் பாருங்கள். நமக்குச் சராசரி 10, அவர்களுக்கு 20. இப்போது நம் வெற்றி வாய்ப்பு நூற்றில் மூன்றுக்கும் கீழே போய்விடுகிறது. அணிகள் மாறவில்லை, பலத்தின் விகிதமும் மாறவில்லை. கோல் அரிதாக விழும் ஆட்டம் என்ற ஒரே காரணத்தால் 18 சதவீதம் நம் கையில் இருக்கிறது. கூடைப்பந்தில் புள்ளிகள் குவியக் குவிய அதிர்ஷ்டம் கரைந்து திறமை மேலே வந்துவிடும். கால்பந்தில் அது கரைய நேரம் போதாது. தொண்ணூறு நிமிடமும் ஒன்றுமே நடக்கவில்லையே என்று இந்த ஆட்டத்தைக் குறை சொல்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: கோல் அரிதாக இருப்பதால்தான் சின்ன அணியின் ரசிகர் நம்பிக்கையோடு மைதானத்துக்குப் போகிறார்.

2022 நவம்பர் 22 நினைவிருக்கிறதா? 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினா உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று ரத்தாயின. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் சவூதி இரண்டு கோல் போட்டுவிட்டது. அந்த அர்ஜென்டினாதான் அதே கோப்பையை வென்றது. பலமான அணி தோற்றதும், பலமான அணி கோப்பையை வென்றதும் ஒரே கணக்கில் அடங்குபவைதான்.

இந்த 1, 2 என்ற சராசரிகளை எங்கிருந்து எடுப்பது? நான் வாசகர் தந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன், அது குறுக்கு வழி. 1982-இல் மைக்கேல் மாஹர் என்ற ஆய்வாளர் காட்டிய முறையில், ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் பலம் ஒன்று, தற்காப்புப் பலம் ஒன்று எனத் தனித்தனியாகக் கணிப்பார்கள். 1997-இல் டிக்சன், கோல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். 0-0, 1-1 போன்ற ஸ்கோர்கள் சூத்திரம் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வருகின்றன. ஆட்டம் சமனில் இருக்கும்போது இரு அணிகளும் சற்று ஜாக்கிரதையாக ஆடுவது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது ஸ்கோரைவிட ஷாட்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா என்று பார்த்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோலாகும் வாய்ப்பைக் குறிக்கிறார்கள். பெனால்டி என்றால் முக்கால் கோலுக்குச் சற்று மேல். தொலைவிலிருந்து அடிக்கும் ஷாட் ஒரு கோலில் நூறில் சில பங்குகள்தான். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஆட்டத்தில் எதிர்பார்க்கத்தக்க கோல் எவ்வளவு என்று தெரியும். வாசகரின் அணி போன மூன்று ஆட்டங்களில் தோற்றது உண்மை. ஆனால் அந்த மூன்றிலும் எத்தனை நல்ல ஷாட் அடித்தார்கள் என்பதே அடுத்த வாரத்தைப் பற்றி அதிகம் சொல்லும். மூன்று முறை தோற்றதால் நான்காவது கட்டாயம் ஜெயிப்போம் என்பதும் தவறு, பந்துக்கு நினைவு கிடையாது.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஷாட் வாரியான இந்தத் தரவுகளில் பெரும்பகுதியைத் தனியார் நிறுவனங்கள் சேகரித்து விலைக்கு விற்கின்றன. வாங்குவது பணக்கார கிளப்புகளும் பந்தய நிறுவனங்களும். நிகழ்தகவைக் கற்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு இதைவிட ஆர்வமூட்டும் பாடம் கிடைக்காது, ஆனால் அவர் கைக்கு வருவது அங்கொன்றும் இங்கொன்றுமான இலவசத் தொகுப்புகள்தான். பொதுப்பணத்தில் கட்டிய மைதானங்களில் நடக்கும் போட்டிகளின் தரவாவது எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்குவது பெரிய செலவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2010 உலகக் கோப்பையின்போது ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்திலிருந்த பால் என்ற ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொன்னது. நாணயம் சுண்டி எட்டும் சரியாக வர 256-இல் ஒரு வாய்ப்பு. பிரமிப்பாக இருக்கும். ஆனால் உலகெங்கும் கிளி, நாய், யானை என்று சில நூறு பிராணிகளிடம் கேட்டால், ஏதாவது ஒன்று எட்டுக்கு எட்டு வாங்குவதற்கே வாய்ப்பு அதிகம், நாம் அதன் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். அதே பால் 2008 ஐரோப்பியக் கோப்பையில் ஆறில் நான்கைத்தான் சரியாகச் சொன்னது. ராசியான சட்டை போட்டுக்கொண்டு ஆட்டம் பார்ப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, அது அன்பின் ஓர் அடையாளம். ஆரூடத்தை நம்பிப் பணம் கட்டுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் இந்தச் சூத்திரத்தைப் போட்டு, தன் லாபத்தையும் சேர்த்த பிறகுதான், ஜெயித்தால் எத்தனை மடங்கு பணம் என்ற பந்தய விகிதத்தை உங்களுக்குச் சொல்கிறார்.

சொந்த மைதானம் என்றாரே வாசகர், அது உண்மையான பலம். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஸ்பெயின் லீக்கைப் பார்த்தது. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் கூடுதல் நேரத்தை நீட்டினார்கள், முன்னிலையில் இருந்தால் குறைத்தார்கள். 2020-இல் பெருந்தொற்றால் காலி மைதானங்களில் ஆடியபோது பல லீக்குகளில் சொந்த மைதானத்தின் அனுகூலம் குறைந்தது. அதனால் கூட்டத்தின் சத்தம் வீண் போவதில்லை. அந்த அனுகூலத்துக்காக நம் சராசரியை 1.2 ஆகவும் அவர்களுடையதை 1.8 ஆகவும் நான் மாற்றிக்கொள்கிறேன். இப்போது வெற்றி 25 சதவீதம், டிரா 23. அதாவது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

அப்புறம், ஆட்டம் நடக்கும்போதே கணக்கும் நகரும். இடைவேளைக்கு 0-0 என்று வந்தால், மீதி இருப்பது பாதி நேரம், பாதிச் சராசரி. வெற்றி வாய்ப்பு 23-க்கு லேசாக இறங்கும், ஆனால் டிரா 36-க்கு ஏறிவிடும், தோல்வி 41-தான். முதல் பாதியில் நம் அணி எப்படியாவது ஒரு கோல் போட்டு 1-0 என்று உள்ளே போனால், வெற்றி 59, டிரா 26, தோல்வி 15. நண்பர்களிடம் இந்த எண்களை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடைவேளையின்போது எடுத்துப் பார்க்கட்டும்.