தாலி ஏறவில்லை என்றால் 'சிங்கிள்' என்று அர்த்தமில்லை

குடிவரவு விண்ணப்பங்களைக் கவனிக்கும் என் மேசைக்குப் போன வாரமும் கனடாவிலிருந்து ஒரு மறுப்புக் கடிதம் வந்தது. இதே காரணத்துக்காக இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது கடிதம்.

அந்தப் பெண் 2019-இல் சென்னையிலிருந்து டொராண்டோவுக்குப் படிக்க வந்தவர். அதற்கு முன் வேளச்சேரியில் காதலருடன் இரண்டரை ஆண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். படிப்பு விசா விண்ணப்பத்தில் 'சிங்கிள்'. 2023-இல் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) விண்ணப்பத்திலும் 'சிங்கிள்'. அப்புறம் அதே காதலருடன், இரண்டு வீட்டார் சம்மதத்தோடு கோயிலில் கல்யாணம் நடந்தது. கணவரைக் கனடாவுக்கு அழைக்க ஸ்பான்சர்ஷிப் விண்ணப்பம் போட்டார்கள். உறவு உண்மையானது என்று காட்ட, பழைய வேளச்சேரி வாடகை ஒப்பந்தத்தையும் ஆசையாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். இருவர் கையெழுத்தும் இருந்த அந்தத் தாள்தான் வினையாகிவிட்டது. ஒன்றாக வாழ்ந்தவரைப் பற்றி அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்கிறார். பதில் இல்லை.

"மேடம், எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே, அப்போ சிங்கிள்தானே?" என்று கேட்காத ஜோடியே இல்லை. இல்லை அம்மா, நீங்கள் சிங்கிள் இல்லை. திருமண வாழ்க்கை போன்ற உறவில் தொடர்ந்து 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருந்தால், கனடா குடிவரவு விதிகளின்படி அவர் உங்கள் 'காமன்-லா' துணை. தாலி வேண்டாம், மோதிரம் வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீஸ் வேண்டாம். பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சேர்ந்து வாழ்ந்த ஊர் வேளச்சேரியா வான்கூவரா என்பதும் பொருட்டில்லை. வேலை விஷயமாகச் சில வாரம் பிரிந்திருந்தால் கணக்கு அறுந்துவிடாது. அதேபோல, சனி ஞாயிறு மட்டும் அவர் அறையில் தங்கியது கணக்கில் சேராது. உங்கள் அப்பா விசாவுக்கான பிரமாணப் பத்திரத்தில் 'என் திருமணமாகாத மகள்' என்று எழுதியிருக்கலாம், அது உண்மைதான். ஆனால் படிவம் கேட்பது வேறு கேள்வி. அதில் 'காமன்-லா' என்று தனியாக ஒரு கட்டமே இருக்கிறது. தயவுசெய்து அதைப் படியுங்கள்.

பி.ஆர். வாங்கும்போது சொல்லாமல் விட்ட துணையை, கனடா குடிவரவு விதிகளில் 117-ஆவது விதியின்படி, பொதுவாகப் பின்னால் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது. ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டாலும் இதே கதைதான். உண்மையை மறைத்ததாக முடிவானால் ஐந்து ஆண்டுத் தடை வரும், பி.ஆர். நிலையே ஆட்டம் காணும்.

"சிங்கிள்னு போட்டா ஃபைல் சீக்கிரம் நகரும்" என்று சொல்லும் ஏஜெண்டுகளைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. கையெழுத்து உங்களுடையது. தடை வந்தால் ஏஜெண்டுக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. விசா அலுவலகம் உங்கள் துணையைப் பற்றிப் பெற்றோருக்குக் கடிதம் போடாது. ஆனால் அப்பாவின் மின்னஞ்சலை வைத்து விண்ணப்பக் கணக்கைத் திறக்காதீர்கள். இதையும் பார்த்திருக்கிறேன்.

ஆதாரம் சேர்ப்பதை இப்போதே தொடங்குங்கள். நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒன்றை மட்டும் காட்டினால் 12 மாதம் ஆகாது. புதுப்பித்ததையும் வைத்திருங்கள், இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கட்டும். கரண்ட் பில் பெரும்பாலும் வீட்டு ஓனர் பெயரில் இருக்கும், அதை நம்ப வேண்டாம். ஜாயின்ட் அக்கவுண்ட், காப்பீட்டு நாமினி, ஒரே முகவரியில் இருவரின் ஆதார், இவை பேசும். இவற்றோடு ஐஎம்எம் 5409 உறுதிமொழிப் படிவமும் வேண்டும். 12 மாதம் நிறைவடையவில்லையா? பழைய தேதி போட்ட முத்திரைத்தாள் தேடிப் போகாதீர்கள். அந்த ஃபைலை நான் தொடமாட்டேன்.

இன்னொன்று. 2025 ஜனவரி 21 முதல், கனடாவில் படிக்க வருபவரின் துணைக்கு ஓப்பன் வொர்க் பர்மிட் (எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கும் அனுமதி) எல்லாப் படிப்புக்கும் கிடையாது. குறைந்தது 16 மாத முதுகலை, முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள், அவ்வளவுதான். ஓராண்டு டிப்ளமோவுக்குப் பணம் கட்டிவிட்டு "அவர் வந்து வேலை பார்ப்பார்" என்று கணக்குப் போடாதீர்கள். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் தொடங்கிய, ஆராய்ச்சி அல்லாத வழக்கமான முதுகலைப் படிப்புகளுக்குத் தாலி கட்டிய கணவரையே கூட்டிப்போக முடியாது. அமெரிக்காவில் மாணவரின் துணைக்குத் தரும் எஃப்-2 விசாவுக்குத் திருமணம் கட்டாயம்.

அந்த டொராண்டோ பெண்ணுக்காக, மனிதாபிமான அடிப்படையில் அந்த 117-ஆவது விதியிலிருந்து விலக்கு கேட்டுப் புதிய விண்ணப்பம் தயாராகிறது. என்ன ஆகும் என்று அவரிடம் என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆனால் பி.ஆர். இன்னும் கைக்கு வராமல், விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. 'சிங்கிள்' என்று தவறாகப் போட்டிருந்தால், குடிவரவுத் துறையின் இணையப் படிவத்தில் விளக்கக் கடிதத்தோடு இன்றே தெரிவியுங்கள். முடிவு வந்த பிறகு என்னிடம் வராதீர்கள், இப்போதே வாருங்கள்.