அசியேன்தோ என்றால் இருக்கையா, கொழுப்பா? ஸ்பானிஷ் பயணக் கையேட்டோடு கிளம்புகிறவர்களுக்கு

மூன்று வருடங்களுக்கு முன் என்னிடம் ஆறு வாரம் ஸ்பானிஷ் படித்துவிட்டு மெக்சிகோ போனார் ஒருவர். சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். வஹாகா நகரத்தில் (எழுத்தைப் பார்த்து ஓக்சாகா என்று நாம் படித்துவிடும் ஊர் அதுதான்) ஒரு சந்தைக் கடையில் த்லாயூதா கேட்டிருக்கிறார். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு சோள ரொட்டியை மொறுமொறுவென்று சுட்டு, மசித்த கறுப்பு பீன்ஸ், கோஸ், பாலாடைக்கட்டி எல்லாம் பரப்பித் தருகிற பண்டம். கையேட்டில் இருந்தபடி "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சரியாகவே சொன்னார். கடைக்கார அம்மாவும் இறைச்சி வைக்கவில்லை. பாதி சாப்பிட்ட பிறகு பக்கத்தில் இருந்தவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ரொட்டியின்மேல் முதலில் பழுப்பாக ஒன்றைத் தடவினார்களே, அது பன்றிக்கொழுப்பை உருக்கும்போது அடியில் தங்குவது. அதற்குப் பெயர் அசியேன்தோ.

அவருடைய கையேட்டிலும் அசியேன்தோ இருந்தது. பேருந்துப் பக்கத்தில், "இருக்கை" என்று.

"சின் அசியேன்தோ" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தப் புத்தகம் அதைச் சொல்லித்தரவில்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான் சொல்லித்தரவில்லை. அவர் திரும்பி வந்து கதையைச் சொன்ன பிறகுதான் என் பாடக்குறிப்பில் அது ஏறியது.

சென்னையில் பயணிகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருவது என் பிழைப்பு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பையில் ஒரு ஃபிரேஸ்புக் இருக்கும். அதைத் தூக்கிப் போடச் சொல்கிற ஆள் நானில்லை. ஆறு வாரத்தில் வினைச்சொல் வாய்பாட்டை முழுதாக யாரும் ஏற்றிக்கொள்ள முடியாது. மனப்பாடமான 50 வாக்கியம் சோறு போடும், அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சங்கடம் என்னவென்றால், அட்டையில் "ஸ்பானிஷ்" என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு நாட்டு ஸ்பானிஷ். சுமார் 20 நாடுகளில் புழங்கும் மொழி அது. ஊருக்கு ஊர் சாப்பாட்டுச் சொல் மாறும், பேருந்துச் சொல் மாறும், மரியாதை மாறும்.

உங்கள் புத்தகம் எந்த நாட்டுக்காரர் என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. பழச்சாறு பக்கத்தைத் திறங்கள். ஸூமோ என்று இருந்தால் ஸ்பெயின். ஹூகோ என்று இருந்தால் லத்தீன் அமெரிக்கா. ஸ்பெயின் புத்தகத்தோடு மெக்சிகோவுக்கோ அர்ஜென்டினாவுக்கோ போகிறவர்கள் முதல் வேலையாக "கொஹேர்" என்ற வினையை அடித்துவிட வேண்டும். டாக்ஸி பிடிப்பது, பஸ் பிடிப்பது எல்லாவற்றுக்கும் ஸ்பெயினில் அதைத்தான் சொல்வார்கள். அந்த இரண்டு நாடுகளிலும் அது படுக்கையறைக் கொச்சை. "டாக்ஸியை எங்கே கொஹேர் செய்யலாம்" என்று கேட்டால் சிரிக்காத ஓட்டுநர் கிடைப்பது கஷ்டம். அதற்குப் பதில் "தொமார்" என்று எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பெயினிலும் அது புரியும், எங்கும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

சிரிப்போடு போகிற தவறுகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வயிற்றுக்குள் போகிறவைதான் கவலை.

மன்தேக்கா என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். மெக்சிகோவில் அது பன்றிக்கொழுப்பு. பீன்ஸை மசித்து வதக்குவது பெரும்பாலும் அதில்தான். அதனால் சைவக்காரர்களை "சின் மன்தேக்கா" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழக்குகிறேன். அதே ஆள் அடுத்த வருடம் புவெனோஸ் ஐரெஸ் போகிறார். காலையில் அங்கே மேதியலூனா என்று பிறை வடிவ ரொட்டி விற்பார்கள். இரண்டு வகை உண்டு: "தெ மன்தேக்கா", "தெ கிராஸா". மெக்சிகோவில் படித்த பாடத்தை நம்பி மன்தேக்காவை ஒதுக்கிவிட்டுக் கிராஸாவை எடுத்தால் போச்சு. அர்ஜென்டினாவில் மன்தேக்கா என்றால் வெண்ணெய். கிராஸாதான் கொழுப்பு, அதுவும் மாட்டுக்கொழுப்பு. அங்கே ஓடச் சொன்ன சொல்லையே இங்கே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

"நான் சைவம்" என்ற வாக்கியம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அது போதவே போதாது. பல இடங்களில் கார்னே என்றால் மாட்டிறைச்சிதான் முதலில் நினைவுக்கு வரும். கார்னே வேண்டாம் என்று சொன்னவருக்குக் கோழியோ ஹமோனோ (உப்பிட்ட பன்றித்தொடை) வைத்துத் தருகிறவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. நீங்கள் சொன்னபடிதான் செய்கிறார். பெயர் பெயராகச் சொல்லுங்கள்: நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன். கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம், ஹமோனும் வேண்டாம். சோறும் சூப்பும் கேட்கும்போது "கால்தோ தெ போயோ" ஊற்றியதா என்று கூடவே கேளுங்கள். அது கோழி வேகவைத்த சாறு. வெள்ளைச் சோறு பார்ப்பதற்கு அப்பாவியாகத்தான் இருக்கும்.

பெண்கள் கவனிக்க: புத்தகம் வெஹெத்தரியானோ என்று ஆண்பாலில் போட்டுப் பக்கத்தில் சாய்கோடு போட்டு ஓர் ஆ-வை ஒட்டிவைத்திருக்கும். நீங்கள் சொல்ல வேண்டியது வெஹெத்தரியானா. அந்தச் சாய்கோட்டையும் சேர்த்து வாசித்துக் காட்டிய மாணவிகள் எனக்கு உண்டு.

அப்புறம் உச்சரிப்பு. கையேடுகள் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்படுபவை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே சாய்வெழுத்தில் ஓர் உச்சரிப்பு வரி இருக்கும். தயவுசெய்து அதைப் படிக்காதீர்கள். ஆங்கிலேயர் நாக்குக்குச் செய்த ஊன்றுகோல் அது. நமக்கு அது இடறுகட்டை. தமிழில் நமக்கு எவ்வளவு சலுகை இருக்கிறது பாருங்கள். செஞோர், மஞானா என்பவற்றில் வரும் ஒலி அப்படியே நம்முடைய ஞ. பல்லில் நாக்குப் பட்டுச் சொல்லும் த நம்மிடம் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. உயிர்களுக்கு நடுவில் வரும் க, த இரண்டையும் நாம் தானாகவே மென்மையாக்குகிறோம், ஸ்பானிஷ்காரரும் g, d இரண்டையும் அப்படித்தான் மென்மையாக்குகிறார். அமீகோ, நாதா என்று தமிழ் எழுத்தைப் பார்த்துச் சாதாரணமாகப் படித்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பேரோ என்றால் "ஆனால்", பேறோ என்றால் நாய். அந்த ற-வில் நாக்கு இரண்டு மூன்று தரம் அதிர வேண்டும். ர, ற வித்தியாசம் காதில் கேட்கும்படி பேசுகிற நாஞ்சில் நாட்டு மாணவர் ஒருவருக்கு இதைச் சொல்லித்தர எனக்கு அரை நிமிடம்தான் ஆனது.

சலுகை அதோடு முடிகிறது. பேஸோ என்றால் அவர்கள் காசு, பேஸோ என்றால் முத்தம். என்ன, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா? தமிழ் எழுத்தில் ஒன்றுதான். காசுக்கு உதட்டை அழுத்தி, முத்தத்துக்குக் குரலோடு சொல்ல வேண்டும். பம்பரம் என்ற சொல்லில் முதல் ப காசு, இரண்டாவது ப முத்தம். அதே மாதிரி தீயா என்றால் நாள், தீயா என்றால் அத்தை. "புவெனோஸ் தீயாஸ்" என்று காலை வணக்கம் சொல்லப் போய் அத்தைகளை விசாரித்துவிட்டு வருகிறவர்கள் வாராவாரம் என் வகுப்பில் உண்டு.

இதைவிடப் பெரிய வில்லங்கம் குவான்தோ. "எவ்வளவு?" என்று பொருள். தமிழ் நாக்கு ந-வுக்குப் பின்னால் வரும் த-வைப் பந்து, சந்தை என்பதுபோல் மெதுவாக்கிவிடும். உடனே அது குவாந்தோ ஆகிவிடுகிறது. குவாந்தோ என்றால் "எப்போது?" விலை கேட்பதாக நினைத்துக்கொண்டு நேரம் கேட்கிறோம். வகுப்பில் நான் கடைக்காரியாக உட்காருவேன். தக்காளியைக் காட்டிக் குவாந்தோ என்று யார் கேட்டாலும் "மஞானா" (நாளைக்கு) என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். மூன்றாவது நாளைக்குள் திருந்திவிடுகிறார்கள். அசியேன்தோ, மன்தேக்கா என்று ன் போட்டு இங்கே எழுதியிருப்பதும் இதற்காகத்தான்: ன்த வந்தால் த-வை அழுத்துங்கள், ந்த வந்தால் சந்தை மாதிரி விட்டுவிடுங்கள். குரலோடு சொல்ல வேண்டிய எழுத்துகளைச் சிவப்பு மையில் எழுதுவது எங்கள் வகுப்புப் பழக்கம். முத்தம் சிவப்பு, காசு நீலம்.

கேள்வி கேட்கக் கற்றுத்தருகிற கையேடு பதிலைக் கற்றுத்தருவதில்லை. கழிப்பறை எங்கே என்று அழகாகக் கேட்டுவிடுவீர்கள். எதிராளி பரபரவென்று ஒரு நீள வாக்கியம் சொல்லிக் கையை எங்கோ நீட்டுவார். அதில் தெரேச்சோ என்று வந்தால் நேராக, தெரேச்சா என்று வந்தால் வலது பக்கம். கடைசி உயிரெழுத்து ஒன்றுதான் வித்தியாசம். விலையில் செஸென்தா என்றால் 60, செத்தென்தா என்றால் 70. பேரம் பேசும் சந்தை இரைச்சலில் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க எனக்கே சில நேரம் முடியாது. "மெ லோ எஸ்க்ரீபே, போர் ஃபவோர்?" என்று காகிதத்தை நீட்டுங்கள், எழுதித் தருவார்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது கேள்வியை நீங்கள் சொல்லி, பதிலை வேறொருவர் வேகமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று கேள்வி மட்டும் கேட்டுப் பயனில்லை.

கொலம்பியா போன ஒரு தம்பதி சொன்னது. பொகொட்டாவில் தங்கிய வீட்டுக்கார அம்மா காலை எட்டு மணிக்கு "தீன்தோ வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர்கள் கையேட்டில் தீன்தோ என்றால் சிவப்பு ஒயின். காலங்காத்தாலேயா என்று திகைத்து இரண்டு நாள் மறுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள்தான் வாசனை பிடித்து, அது பால் இல்லாத காப்பி என்று தெரிந்தது. அதே ஊர்க் கடைகளில் காப்பி கேட்கிறவர்கள் "ரெகாலெமே" என்று ஆரம்பிப்பார்கள். நேர்ப்பொருள் "எனக்குப் பரிசாகத் தாருங்கள்". காசு கொடுத்துத்தான் குடிக்கிறார்கள், கேட்கிற தோரணை அப்படி. அண்ணன் தம்பியும் நண்பர்களும்கூட அங்கே நீங்கள் என்ற பொருளில் உஸ்தேத் போட்டுப் பேசிக்கொள்வது சாதாரணம். சந்தேகம் வந்தால் எல்லோரிடமும் உஸ்தேத் போடுங்கள், எந்த நாட்டிலும் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அர்ஜென்டினாவில் உங்களை "வோஸ்" (நீ) என்று கூப்பிடுவார்கள், போயோவைப் போஷோ என்பார்கள். காது பழக ஒரு நாள் ஆகும்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். இன்தொக்ஸிகாதோ என்று ஒரு சொல் இருக்கிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் விஷமாகிவிட்டது என்று சொல்லப் பயன்படுவது. 1980-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குடும்பத்தார் சொன்ன இந்தச் சொல்லைப் போதைமருந்து என்று அங்கே எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கைகால்கள் செயலிழந்துவிட்டன. சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது வழக்கு. ஒலியில் ஆங்கிலச் சொல்லைப்போல இருக்கும் ஸ்பானிஷ் சொல்லை மருத்துவரிடம் ஊகத்தில் பயன்படுத்தாதீர்கள். எம்பரஸாதா என்றால் வெட்கம் அல்ல, கர்ப்பம். ஸ்பெயினில் கொன்ஸ்திபாதோ என்றால் மலச்சிக்கல் அல்ல, ஜலதோஷம். அவசர எண் மெக்சிகோவில் 911, ஸ்பெயினில் 112, கொலம்பியாவில் 123. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

ஒவ்வாமை இருப்பவர்கள் வாயை நம்பவே வேண்டாம். ஸ்பானிஷ் எழுத்தில் ஓர் அட்டை எழுதி, போகிற நாட்டுச் சொல்தானா என்று சரிபார்த்துச் சட்டைப்பையில் வையுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தும் கையோடு இருக்கட்டும். வேர்க்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கே அது கடலைக்காய், மல்லாட்டை, இலங்கையில் கச்சான். மெக்சிகோவில் ககவாத்தே, ஸ்பெயினில் ககவேத்தே, தென் அமெரிக்காவிலும் கரீபியனிலும் மனீ. மெக்சிகோவின் மோலே குழம்பில் அதை அரைத்துச் சேர்ப்பதுண்டு. பொலிவியாவில் அதை அரைத்தே சூப் வைக்கிறார்கள்.

இந்த வாரம் வகுப்பில் இருக்கிற ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது. மெக்சிகோ போய்வந்த சித்தப்பாவின் பழைய கையேட்டைக் கொண்டுவந்திருக்கிறார், அவர் போவதோ பொலிவியாவின் லா பாஸுக்கு. நேற்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டி, ககவாத்தே வந்த இடத்தையெல்லாம் அடித்து மேலே மனீ என்று எழுதினோம். உணவு அத்தியாயம் முடிந்தது. மருந்துக்கடைப் பக்கம் பாக்கி இருக்கிறது.