ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியம்: எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள்?

மோட்டார் பழுதாகித் தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால், "நிதி இல்லை" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்றே ஒதுக்கி வைக்கும் பணம் ஒன்று உண்டு.

அரசியலமைப்பின் 280-வது பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒரு முறை, மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் நிதிக்குழு அமைக்கப்படுகிறது. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-வது திருத்தத்துக்குப் பிறகு, ஊராட்சிகளுக்கு என்ன தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. 2021–26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். எந்த அமைச்சரும் மனமிரங்கிக் கொடுத்த பணம் இல்லை இது. மாநிலங்களுக்கிடையே பிரித்த கணக்கில் மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் எடை.

மாநிலத்துக்குள் வந்த பிறகு கிராம ஊராட்சிக்கு 70 முதல் 85 சதவீதம் வரை, மீதி ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும். 14-வது குழுவின் காலத்தில் அந்த இரண்டுக்கும் எதுவுமே இல்லை.

சரி, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது நியாயம்தானே? பாதி நியாயம் என்பேன். சிபாரிசுக்கு அதில் இடமில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் 5,000 பேர் ஒரே இடத்தில் வாழும் ஊரையும், மலையில் ஐந்தாறு குக்கிராமங்களாகச் சிதறி 1,000 பேர் வாழும் ஊரையும் நினைத்துப் பாருங்கள். சிறிய ஊருக்குத்தான் ஆளுக்கு அதிக நீளம் குழாய் தேவை, தெருவிளக்குக் கம்பமும் அதிகம். பரப்பளவுக்குக் கொடுத்த அந்த 10 சதவீதம் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டப் போதாது. சிறிய ஊராட்சிகளுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதி செய்துவிட்டு, அப்புறம் தலைக்கணக்கு போடுவதுதான் முறை.

அந்த 2021–26 மானியத்தில் 60 சதவீதத்தை இதற்குத்தான் செலவிட வேண்டும் என்று கட்டிவிட்டார்கள்: பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், பாதி துப்புரவுக்கும். மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் எடுக்கக் கூடாது. மாநில அரசு, கைக்கு வந்த பணத்தைப் பத்து வேலை நாளுக்குள் உள்ளாட்சிக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. எப்போது வரும் என்று தெரியாத பணத்தை வைத்து யாரால் திட்டம் போட முடியும்?

மனசை உறுத்தும் நிபந்தனையும் ஒன்று உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்துக்கு மானியம் கிடைக்காது. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தலைத் தள்ளிப்போடுவதைத் தடுக்க இப்படி ஒரு விதி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தள்ளிப்போடுவது ஊர்மக்கள் இல்லையே. குடிநீர்ப் பங்கையாவது நிறுத்தாமல் விட வேண்டும்.

உங்கள் ஊர்க் கணக்கை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் திட்டமும் செலவும் வரும். அதைக் குறித்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். குடிநீர்ப் பங்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு மீதி என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.