ஜீப்ரா கிராசிங் – வரிக்கடவை

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வண்டிகள் நிற்கிற இடத்துக்குச் சற்று முன்னால் பட்டைபட்டையாக வெள்ளைக் கோடுகள் இருக்குமே, அதைத்தான் நம்மில் பலர் ஜீப்ரா கிராசிங் என்று நினைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெயர் பிறந்த பிரிட்டனில் அதற்குப் பொருள் வேறு. சிக்னலே இல்லாத இடத்தில், கடக்க இறங்கியவருக்கு வண்டி நின்று வழிவிட்டே ஆகவேண்டிய இடத்துக்குத்தான் அங்கே ஜீப்ரா என்று பெயர். சிக்னல் வைத்தவற்றுக்கு பெலிக்கன், பஃபின் என்று தனிப் பெயர்கள். அதாவது, ஜீப்ராவில் விளக்குக்குப் பதிலாகக் கோடுகளே வண்டியை நிறுத்த வேண்டும்.

1934-இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, கடக்கும் இடங்களில் ஆரஞ்சு உருண்டை வைத்த கம்பங்களை நட வைத்தார். தரையில் உலோகக் குமிழ்களைத்தான் பதித்திருந்தார்கள். வேகமாக வரும் ஓட்டுநர் கண்ணுக்கு அவை சரியாகப் படவில்லை. 1949-இல் பட்டைகளைத் தீட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். 1951-இல் கறுப்பு வெள்ளைப் பட்டை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

ஜீப்ரா என்பது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். அவர்கள் ஊர்ப்பக்கம் திரிந்த காட்டுக் கழுதை போன்ற ஒரு விலங்கின் பெயரை, ஆப்பிரிக்காவில் பார்த்த விலங்குக்கும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் கோடு என்ற பொருளே கிடையாது. தமிழில்தான் வரிப்புலி போல வரிக்குதிரை என்று, பார்த்ததை அப்படியே பெயராக்கியிருக்கிறோம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பாதசாரிகள் கடக்கும் இடம்' என்று தமிழ்நாட்டில் எழுதுகிறோம். அது பெயராக நிற்கவில்லை, விளக்கமாக நீள்கிறது. இலங்கைத் தமிழர்கள் பாதசாரிக் கடவை என்கிறார்கள். மஞ்சளில் தீட்டியிருந்ததால் மஞ்சள் கடவை என்றும் சொல்வார்கள். ரயில் பாதையைக் கடக்கும் இடம் அவர்களுக்குப் புகையிரதக் கடவை. கடவை எனக்கு மிகவும் பிடித்த சொல். 'கட' என்ற வேரிலிருந்து வந்தது. கடவுச்சீட்டும் அதன் உறவுதான். கடப்பவருக்கு உரிய வழி என்பது சொல்லிலேயே தெரிகிறது. பட்டை போட்ட கடவையை வரிக்கடவை என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

அந்த உரிமை இந்தியாவிலும் ஏட்டில் இருக்கிறது. சிக்னல் இல்லாத கடவையில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் சாலையில் நடப்பது என்ன? பெரியவர்கள் ஒரு கையை நீட்டிக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். பார்க்கவே மனம் பதறுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. ஒரு பேருந்து நமக்காக நிற்கும். அதை நம்பி நடப்போம். அதன் மறைவிலிருந்து ஒரு பைக் சீறிக்கொண்டு வரும். பைக்காரருக்கு நம்மைத் தெரியாது, நமக்கும் அவரைத் தெரியாது. இதற்காகத்தான் பிரிட்டனில் கடவையில் நிற்கும் வண்டியை முந்துவது குற்றம். முந்தக் கூடாத அந்த இடத்தைக் காட்ட, கடவைக்கு இருபுறமும் ஜிக்ஜாக் கோடுகளை 1971 முதல் போட்டுவருகிறார்கள். நம் ஊரில் நின்ற வண்டியின் முன்விளிம்பு வரை நடந்து, அங்கே ஒரு நொடி நின்று, அடுத்த தடத்தை எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் காலெடுத்து வையுங்கள். குழந்தையைக் கூட்டிப் போகிறீர்களென்றால், வண்டி வரும் பக்கம் நீங்கள் இருங்கள்.