6502 எமுலேட்டரில் பி என்று ஒரு வேரியபிள் இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள்

6502 என்ற பழைய 8-பிட் பிராசசரை சாஃப்ட்வேரில் அப்படியே நடிக்க வைக்கும் எமுலேட்டர் கோடு யாராவது ரிவ்யூவுக்கு அனுப்பினால் நான் முதலில் திறப்பது, பிராசசரின் நிலையைச் சொல்லும் ஃபிளாக்குகள் இருக்கும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத்தான். என் (நெகட்டிவ்), வி (ஓவர்ஃப்ளோ), பி (பிரேக்), டி (டெசிமல்), ஐ (இன்டரப்ட் தடை), இசட் (ஜீரோ), சி (கேரி) என்று ஏழு பூலியன் வரிசையாக நிற்கும். அதில் பி என்ற ஃபிளாக் சிப்புக்குள் கிடையவே கிடையாது. ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் தள்ளும் நேரத்தில் மட்டும் (0-இலிருந்து எண்ணி) நாலாவது பிட்டாக அது உருவாகிறது: பிஎச்பி, பிஆர்கே என்ற இன்ஸ்ட்ரக்ஷன்கள் தள்ளினால் 1, ஐஆர்க்யூ, என்எம்ஐ என்ற ஹார்டுவேர் இன்டரப்ட்டுகள் தள்ளினால் 0. ஐந்தாவது பிட் எப்போதும் 1. திரும்ப எடுக்கும் பிஎல்பி, ஆர்டிஐ இந்த இரண்டையும் கண்டுகொள்ளாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், 6502 வகை சிப் உள்ள கமடோர் 64 கம்ப்யூட்டரில் பிஆர்கேவுக்கும் ஐஆர்க்யூவுக்கும் ஒரே வெக்டர்தான் (குதிக்க வேண்டிய முகவரி), அதனால் கெர்னல் (அதன் ரோமில் இருக்கும் சிஸ்டம் கோடு) ரொட்டீன் ஸ்டாக்கில் கிடக்கும் பைட்டை எடுத்து ஹெக்ஸ் 10-ஓடு (நாலாவது பிட் மட்டும் 1) ஆண்ட் போட்டுப் பார்த்துதான் எது வந்தது என்று முடிவு செய்கிறது. இன்டரப்ட்டிலும் நீங்கள் 1 தள்ளினால் ஒவ்வொரு டைமர் டிக்கும் பிஆர்கே ஆகிவிடும். ஸ்கிரீன் அழிந்து மறுபடி மறுபடி ரெடி என்று வரும், நீங்கள் வீடியோ கோடில் பக் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது? ஃபிளாக்குகளைப் பைட்டாகக் கட்ட ஒரே ஃபங்ஷன், பி என்ன என்பது அதற்கு ஆர்க்யுமென்ட். பிரிக்க ஒரே ஃபங்ஷன். சி மொழியின் பிட்ஃபீல்டை நம்ப வேண்டாம், எந்த பிட் எங்கே உட்காரும் என்பது கம்பைலர் இஷ்டம். வேகத்துக்காகக் கடைசி ரிசல்ட்டை மட்டும் வைத்து என், இசட் இரண்டையும் கணக்கிடுகிறவர்களும் கவனியுங்கள்: ஏ ரெஜிஸ்டரில் 01, மெமரியில் ஹெக்ஸ் 80 இருக்க பிட் (BIT) என்ற இன்ஸ்ட்ரக்ஷன் ஓடினால் இரண்டும் சேர்ந்தே 1 ஆகும், ஒரே நேரத்தில் நெகட்டிவாகவும் ஜீரோவாகவும் இருக்கும் எண் கிடையாது. அப்புறம், சிஎம்பியை (ஒப்பிடும் இன்ஸ்ட்ரக்ஷன்) எஸ்பிசி (கழிக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) கோடு வைத்தே ஒப்பேற்றினால் வி கெட்டுப்போகும்.

நெஸ்டெஸ்ட் என்ற சிபியு சோதனை ப்ரோகிராமின் லாக் முழுசும் பொருந்திவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அந்த ஓட்டத்தில் ஐஆர்க்யூ வருவதே இல்லை. ரெஜிஸ்டர் ஹெக்ஸ் 20 ஆக இருக்கும்போது நீங்களே ஒரு ஐஆர்க்யூ எழுப்புங்கள். ஸ்டாக்கில் 20 இருக்க வேண்டும், உள்ளே ரெஜிஸ்டர் 24 ஆகியிருக்க வேண்டும். ஸ்டாக்கில் 30 தெரிந்தால் பக் அங்கேதான்.