டிசைனர் பையும் வடிவமைப்பாளர் பையும்

இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் "வடிவமைப்பாளர் கைப்பை" என்று ஒன்றை விற்கிறார்கள். கூடவே வடிவமைப்பாளர் கடிகாரம், வடிவமைப்பாளர் விளக்கு. அண்மையில் "வடிவமைப்பாளர் குப்பைத்தொட்டி" கூடக் கண்ணில் பட்டது. பெயர்பெற்ற ஒருவரின் பெயரைச் சொல்லி விற்கும் பையை ஆங்கிலத்தில் டிசைனர் பேக் என்பார்கள். அதை அகராதி பார்த்து மாற்றியிருக்கிறார்கள். டிசைனர் என்றால் வடிவமைப்பாளர், பேக் என்றால் பை. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது. தமிழ்தான் வரவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் சிக்னும் என்றால் அடையாளம், குறி. அதிலிருந்து வந்த டெசிக்னாரே என்ற வினைக்குக் குறித்துக் காட்டுதல் என்று பொருள். இத்தாலியர்கள் அதை திசேஞ்ஞோ ஆக்கினார்கள். கையால் வரைவதும் மனத்தில் திட்டமிடுவதும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். 1563-இல் ஃபுளோரன்ஸில் ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் மூவரையும் ஒரே கழகத்தில் சேர்த்தபோது அதன் பெயரிலும் இந்தச் சொல்லைத்தான் வைத்தார்கள். ஆங்கில டிசைன் இந்த இரண்டு பொருளையும் இன்றுவரை சுமக்கிறது. நம் பேச்சுத் தமிழில் "துணியில் பூ டிசைன்" என்னும்போது வரைவது மட்டும் நிற்கிறது, திட்டமிடுவது உதிர்ந்துவிடுகிறது.

வடிவமைப்பு என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. வடிவு என்பது வெறும் தோற்றம்தானே, டிசைன் அதைவிடப் பெரியதாயிற்றே என்று சிலர் குறைப்படுகிறார்கள். பாதிச் சொல்லை மட்டும் படிப்பதால் வரும் குறை அது. அமைப்பு என்ற மறுபாதிதான் அங்கே கனமானது. தவிர, வடிவுக்குப் பக்கத்திலேயே வடித்தல் என்ற வினையும் இருக்கிறது. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடமை என்று புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் வருவது அதே வினைதான். தட்டித் தட்டி, வேண்டாததைக் கழித்து, செய்ய வேண்டிய வேலைக்கு ஏற்றபடி ஒரு பொருளைக் கொண்டுவருவது. டிசைனுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த மொழியிலும் கிடைக்காது என்பேன்.

கோளாறு அந்த "ஆளர்" வந்து பைக்கு முன்னால் நிற்பதில்தான். தமிழில் ஒரு பெயரோடு இன்னொரு பெயர் ஒட்டினால், நடுவில் ஏதோ ஒரு வேற்றுமை உருபு மறைந்திருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். பொற்குடம் என்றால் பொன்னால் ஆன குடம். தச்சர் உளி என்றால் தச்சருடைய உளி, அல்லது தச்சருக்கென்று செய்த உளி. அப்படியானால் வடிவமைப்பாளர் பை? பென்சில், அளவுகோல், சுருட்டிய வரைபடத்தாள் எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு வடிவமைப்பாளர் வேலைக்கு எடுத்துப் போகும் பை. வடிவமைப்பாளர் குப்பைத்தொட்டியில் அவர் கசக்கிப் போட்ட தாள்கள் இருக்கும்.

"வடிவமைப்பாளர் வடித்த பை என்று விரித்துக்கொள்ளலாமே, தமிழில் அப்படித் தொகை இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. "ஸ்டார்க் நாற்காலி" என்று சொல்லுங்கள். பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க்கை அறிந்தவருக்கு அவர் வடிவமைத்த நாற்காலி என்று உடனே புரியும். ஆனால் அங்கே இருப்பது ஓர் ஆளின் பெயர். அதை எடுத்துவிட்டு தொழிலைச் சொல்லும் பெயரை மட்டும் வைத்தால் அந்தப் பொருள் வராது. டிசைனர் பேக் விற்பவர் காசாக்குவதும் அந்தப் பெயரைத்தான். மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போவதும் அதுவே.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. இந்தப் பை வடிவமைப்பாளர் பை என்றால், மற்ற பைகளை யார் வடிவமைத்தார்கள்? தானாக முளைத்தனவா? 1950-இல் பிரான்சில் வெளிவந்த பிக் கிறிஸ்டல் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஆறு பட்டை; மேசையில் வைத்தால் உருண்டு ஓடாது. மை எவ்வளவு மிச்சம் என்று தெரியக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக். உடலின் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்ளும் புறமும் காற்றழுத்தம் ஒன்றாக இருந்தால்தான் மை ஒழுங்காக இறங்கும். மூடியின் நுனியில் இருக்கும் ஓட்டை 1991-இல் வந்தது. குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினால், அதன் வழியே கொஞ்சம் மூச்சாவது போகட்டும் என்று. யாரோ உட்கார்ந்து, மூச்சு அடைக்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார். இதைவிட வடிவமைப்பாளர் பொருள் எது? அதை யாரும் டிசைனர் பேனா என்று சொல்வதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஸ்டார்க்கே இருக்கிறார். 1990-இல் அலெஸ்ஸி என்ற இத்தாலிய நிறுவனத்துக்காக அவர் செய்த ஜூசி சாலிஃப் எலுமிச்சை பிழிவான், மூன்று நீண்ட கால்களில் சிலந்திபோல் நிற்கும் அலுமினியப் பொருள். சாறோடு விதையும் சேர்ந்தே கோப்பையில் விழும், வடிகட்டி கிடையாது. பத்தாம் ஆண்டுக்குத் தங்க முலாம் பூசி ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். எலுமிச்சையின் அமிலம் பட்டால் முலாம் கெட்டுவிடும் என்பதால் அதில் பிழிய வேண்டாம் என்று அறிவுரை! அழகில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் டிசைனர் என்ற அடைமொழி போய் உட்காரும் இடம் எது என்பது இதில் தெரிகிறது. அது வடிவமைப்பைச் சொல்லவில்லை, கையெழுத்தைச் சொல்கிறது. டிசைனர் ஜீன்ஸ் என்று 1970-களில் பரவிய வழக்கிலும், கால்சட்டைப் பையின்மேல் தைத்த பெயருக்குத்தான் விலை.

எனவே என் பரிந்துரை "முத்திரைப் பை". இன்னாருடைய முத்திரை பதிந்த பொருள் என்று நேராகச் சொல்லிவிடுகிறது. முத்திரை வடசொல் ஆயிற்றே என்பவர்களுக்கு: தெரியும், தெரிந்தே சொல்கிறேன். புரியாத தூய சொல்லைவிடப் புரியும் கலப்புச் சொல் மேல். முத்திரைத்தாள் நினைவுக்கு வருகிறது என்றால், டிசைனர் பை என்றே எழுதிவிட்டுப் போங்கள், பாதகமில்லை. பெயர் தெரிந்த இடத்தில் "இன்னார் வடிவமைத்த பை" என்று எழுதினால் இந்த வம்பே இல்லை.

இதே பைகளை ஆங்கிலத்தில் லக்ஷுரி பேக் என்றும் சொல்வதால் "ஆடம்பரப் பை" என்றும் சிலர் எழுதுகிறார்கள். சமஸ்கிருதத்தில் ஆடம்பரம் முதலில் ஒரு வகைப் பறை, பிறகு அதன் பேரொலி, பிறகு வெற்றுப் பகட்டு. தமிழில் "ஆடம்பரமாக வாழ்கிறான்" என்றால் அதில் ஒரு முகச்சுளிப்பும் சேர்ந்தே வரும். விற்க வந்தவரே தன் சரக்கைத் திட்டிக்கொள்வானேன்? உயர்ந்த வகைத் தோல்பைகளில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக இழுத்துக் கையால் தைப்பார்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் மளமளவென்று பிரியாது. அதற்கா பகட்டு என்று பெயர்? சொகுசும் பொருந்தாது, அது உடம்புக்குக் கிடைக்கும் சுகம், இருக்கைக்கும் மெத்தைக்கும் சரி. "உயர்வகைப் பொருள்" போதும்.

போகிற போக்கில் இன்னொன்று. பிராடக்ட் டிசைன் என்பதைத் "தயாரிப்பு வடிவமைப்பு" என்று எழுதுகிறார்கள். தயாரிப்பு என்பது முதலில் செய்யும் வேலையைக் குறிக்கும். தொழிற்சாலையில் உற்பத்தி முறையை வடிவமைப்பவரையும் நாளை இதே சொல்லால்தான் அழைக்க வேண்டிவரும். "பொருள் வடிவமைப்பு" என்று எழுதலாம். பொருள் என்றால் அர்த்தம் என்று குழம்பாதா என்கிறார்கள். பொருட்காட்சிக்குப் போய் யாரும் அர்த்தம் தேடியதாகக் கேள்விப்பட்டதில்லை.