மிதக்கவில்லை என்றால் சாகவில்லை என்று அர்த்தமா?

"ஏனுங்க அம்மிணி, டர்பைன்ல மீன் அடிபடுதுங்கறீங்க, செத்தது ஒண்ணும் மிதக்கலியேங்க?" காவிரிக் கரையில் மீன் கணக்கெடுக்கப் போனால் பரிசல்காரர்கள் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அடிபட்ட மீனை ஓட்டம் இழுத்துப் போய்விடும். மிச்சத்தை நீர்க்காகமும் கொக்கும் நிமிஷத்தில் தீர்த்துவிடும். மின்நிலையத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் பறவைகள் திடீரென்று கூடினால், வலையோடு நான் முதலில் போவது அங்கேதான்.

அகப்பட்டதைக் கீறிப் பார்த்தால் விஷயம் புரியும். டர்பைனுக்குள் அழுத்தம் சட்டென்று இறங்கும். கெண்டை வகைகள், மிதக்க உதவும் காற்றுப்பையிலிருந்து வாய்வழியே கொஞ்சம் காற்றை விட்டுச் சமாளிக்கும். ஜிலேபி மீனுக்கு, பேரில் கெண்டை ஒட்டியிருந்தாலும், அந்த வழி இல்லை. மேலே ஒரு கீறல் இருக்காது, உள்ளே பை கிழிந்திருக்கும்.

ஊராட்சிக்கோட்டை, நெரிஞ்சிப்பேட்டை கதவணைகளில் சுற்றுவது பல்ப் டர்பைன், அதாவது ஜெனரேட்டர் குமிழ் மாதிரி உறைக்குள் நீரோட்டத்திலேயே இருக்கும் வகை. கடல் ஏறி வற்றும் ஓதத்தில் மின்சாரம் எடுக்கும் பிரான்சின் ரான்ஸ் நிலையத்திலும் அதே வகைதான். 1966 முதல் ஓடுகிறது, 24 டர்பைன்கள், 240 மெகாவாட். அதைக் கட்டுவதற்காக முகத்துவாரத்தைச் சில வருடம் அடைத்தார்கள். உள்ளே இருந்த உயிரினங்கள் பெரும்பாலும் அழிந்தன. மறுபடி தேறப் பத்து வருடம் போல ஆனது.

இப்போது வரும் ஓத டர்பைன்கள் வேறு மாதிரி. அணை கிடையாது, உடுமலைக் காற்றாலையைக் கடலடியில் நட்டதுபோல நிற்கும். அழுத்தத் தொல்லை குறைவு. இறக்கை தாக்குமா, சத்தம் விரட்டுமா என்பதுதான் கேள்வி. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டு கழியில் 2008இல் சீஜென் டர்பைனை நிறுவியபோது, கடல்நாய் நெருங்குவது சோனாரில் (ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துப் பார்க்கும் கருவி) தெரிந்தால் இயந்திரத்தையே நிறுத்தினார்கள். ஸ்காட்லாந்தின் மேஜென் ஓத மின் திட்டத்தில் நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டதில், ஓங்கிலுக்கு உறவான போர்ப்பாய்ஸ் டர்பைன் சுற்றும்போது விலகிப் போவது தெரிந்தது. விலகுவது நல்லதுதான். ஆனால் அங்கிருக்கும் நாலு டர்பைன் நாற்பதானால், அது இரை தேடும் வழியே அடைபடலாம் என்பது என் கவலை.

நம் நாட்டில் ஓத மின்சாரத்துக்குப் பேசப்படும் முக்கிய இடங்கள் குஜராத்தின் கம்பாத், கட்ச் வளைகுடாக்கள். கம்பாத்தில் தண்ணீர் ஒரே கலங்கல், கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. சோனாரும் ஒலிவாங்கியும் இல்லாமல் அங்கே கண்காணிக்கிறோம் என்று சொன்னால் ஏற்கவே கூடாது.

அதைவிட முக்கியம், டர்பைன் இறங்குவதற்கு முந்தைய கணக்கு. மேட்டூர் அணை 1934இல் வந்ததற்கு அப்புறம், கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன் குறைந்துபோனது. முன்னே எவ்வளவு இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னே எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைப் பகலில் மட்டும் எடுத்தால் போதாது, இரவிலும் எடுக்கணும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகும் நாளும் வேண்டும், அடங்கும் நாளும் வேண்டும். ஆறானாலும் கடலானாலும், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால் முதலில் அந்தப் பழைய கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.